மிளகாய்த்தூளில் ஈரக் கணக்கு

காய்ந்த மிளகாய் வாங்கும்போது மிளகாய்க்கு மட்டும் நாம் காசு கொடுப்பதில்லை. அதற்குள் இருக்கும் தண்ணீருக்கும், காம்புக்கும், சாக்கின் அடியில் உதிர்ந்து கிடக்கும் விதைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்துக்கொண்டு, பக்கத்து மில்லில் அரைத்து மிளகாய்த்தூள் விற்கிறவன் நான். நிறம், காரம், பிராண்டு என்று பேச எவ்வளவோ இருந்தாலும், இந்தத் தொழிலில் காசு தங்குவதும் தங்காததும் ஈரத்தில்தான் என்பது என் அனுபவம். வீட்டுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை அரைக்கிறவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் துறைமுகத்தில் மீன் விற்கும் பெண்கள். காலையில் வியாபாரம் முடிந்ததும் நேராகக் கடைக்கு வருவார்கள். அப்பா காலத்தில் பாக்கெட் தூள்தான் விற்றோம். ஒரு அக்கா பாக்கெட்டைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது: "என்னா தம்பி இது, போடப் போடக் குழம்பு செவக்குது, நாக்குல உறைக்கவே மாட்டேங்குது." அவர் சொன்னது முழுக்க நியாயம். மிளகாயில் சிவப்பைத் தருவது ஒரு பொருள், காரத்தைத் தருவது வேறொரு பொருள். காரம் கேப்சைசின் என்ற பொருளால் வருகிறது. அது அதிகமாக இருப்பது விதையில் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளை நாரில்தான் இருக்கிறது. விதைமேல் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். சிவப்பு தோலில் இருக்கிறது. அதனால் நல்ல சிவப்பான தூள் சப்பென்று இருக்கலாம், மங்கலான தூள் கண்ணில் தண்ணீர் வரவைக்கலாம்.

இது தெரிந்துவிட்டால் எந்தக் காயை எவ்வளவு வாங்குவது என்பது சுலபமாகிவிடும். கர்நாடகாவில் ஹாவேரி பக்கத்திலிருந்து வரும் பியாடகி, தோல் சுருங்கிச் சுருங்கி அடர் சிவப்பாக இருக்கும். நிறம் அள்ளிக்கொடுக்கும், காரம் குறைவு. 2011இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. ஆந்திரா, தெலங்கானா பக்கத்துத் தேஜா மெலிசாக, சின்னதாக இருக்கும். காரம் அதன் வேலை. குண்டூர் சன்னம் இரண்டுக்கும் நடுவில். நம் ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முண்டு என்று எழுதுகிறார்கள், கடையில் எல்லோரும் குண்டு என்றுதான் கேட்பார்கள். அது தூளைவிடத் தாளிப்புக்கும் சாம்பாருக்கும் போய்ச் சேர்வதுதான் அழகு. வறுக்கும்போது வரும் அந்த வாசம் மற்றவற்றில் இல்லை.

நான் கடையில் போடும் சாதாரண தூளுக்குப் பத்துக் கிலோவில் ஐந்து சன்னம், மூன்று பியாடகி, இரண்டு தேஜா. மீன் குழம்புக்கென்று கேட்பவர்களுக்குத் தேஜாவைக் கூட்டிப் பியாடகியைக் குறைப்பேன். புளியும் மீனும் சேரும்போது காரம் அடங்கிப்போகிறது என்பது அந்த அக்காக்களின் கருத்து. நானும் சாப்பிட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டேன். புதுச்சேரியிலிருந்து வாங்கும் ஓட்டல்காரர்களுக்கு இதற்கு நேரெதிர். சிக்கன் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், வாடிக்கையாளர் தண்ணீர் கேட்கக் கூடாது. அவர்களுக்குப் பியாடகிதான் பெரும்பங்கு.

சரி, ஈரத்துக்கு வருவோம். மண்டியில் சாக்கைப் பிரித்ததும் காய் மெத்தென்று இருந்தால் உடனே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். மொறுமொறுவென்று காய்ந்த மிளகாயைச் சாக்கில் மிதித்து அடைத்தால் நொறுங்கிவிடும், விதை கொட்டிவிடும், விலை போகாது. அதற்காகவே அடைக்கும் முன்பு லேசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். கொஞ்சம் பதம் இருப்பது தொழில் வழக்கம். எவ்வளவு தெளித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குளிர்பதனக் கிடங்கில் இருந்து வரும் சரக்கை குண்டூரில் ஏசி காய் என்பார்கள். நிறம் அப்படியே இருக்கும், அதற்காக விலையும் கூட. ஆனால் வெளியே எடுத்து நம் ஊர்க் காற்றில் வைத்ததும் வேர்த்துப்போய் ஈரம் ஏறும். கடலூரில் கடல் பக்கமாகவே இருக்கிறது. ஏசி காய் வந்தால் நான் அன்றே பிரித்துக் கொட்டிவிடுவேன்.

ஈரத்தை அளக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. கடைத் தராசு போதும். மண்டியிலிருந்து மாதிரிக்கு ஒரு கிலோ வாங்கி வந்து, காம்போடு அப்படியே நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து மறுபடி எடை போடுவேன். 30, 40 கிராம் குறைந்தால் சரக்கு பரவாயில்லை. 60, 70 கிராம் போனால் விலையைப் பேச வேண்டும். மண்டிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு, "தம்பி வரட்டும், காய்ச்ச சரக்கா எடுத்து வைங்கப்பா" என்று ஆட்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

குண்டு மிளகாய்க்குத் தராசுகூட வேண்டாம். ஒன்றை எடுத்துக் காதுப் பக்கத்தில் வைத்து ஆட்ட வேண்டும். உள்ளே விதை கலகலவென்று உருள வேண்டும். சத்தம் வராவிட்டால் தோல் காய்ந்து உள்ளே காயவில்லை என்று அர்த்தம். அப்படி ஒன்றை உடைத்துப் பாருங்கள்: வெளியே பளபளவென்று கறுஞ்சிவப்பாக இருக்கும், உள்ளே விதைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அந்த வெள்ளை நாரின்மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு படலம் இருக்கும். மூக்குப் பக்கம் கொண்டுபோனால் காரவாடைக்குப் பதில் பழைய சாக்கு வாடை அடிக்கும். அது பூஞ்சை. ஈர மிளகாயில் வளரும் பூஞ்சைகளில் ஒரு வகை அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும், சமையல் சூட்டில் போகாது. ஏற்றுமதிச் சரக்கு வெளிநாட்டில் திருப்பி அனுப்பப்படுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணமும் இதுதான். அரைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்பதால், பூஞ்சை பிடித்த காயை மலிவாக வாங்கித் தூளாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முழு மிளகாயாக வாங்கி அரைப்பதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம், உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்க முடிவதுதான்.

இப்போது காசுக் கணக்கு. விலையை ஒரு பேச்சுக்குக் கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோ 16,000. காம்பு கிள்ளினால் ஏறக்குறைய ஐந்து கிலோ போகும். மீதி 95. நூற்றுக்குப் பதினாலு ஈரம் இருக்கும் காயை ஒன்பதுக்குக் காயவைத்தால் 90 கிலோவில் நிற்கும். மில்லில் ஒட்டுவது, பறப்பது என்று இரண்டு கிலோவாவது போகும். கையில் வருவது 88 கிலோ தூள். 16,000த்தை 88ஆல் வகுத்தால் கிலோ 182 ரூபாய். மில் கூலி, காம்பு கிள்ளிய கூலி, கவர் எதுவும் இதில் சேரவில்லை. இதே காய் பதினொன்று ஈரத்தில் வந்திருந்தால் 91 கிலோ தூள் கிடைக்கும், அடக்கம் 176. வாங்கும் இடத்தில் கவனிக்காத ஈரம் கிலோவுக்கு ஆறு ரூபாயைக் கொண்டுபோய்விடுகிறது. மளிகையில் ஆறு ரூபாய் என்பது சில மாதங்களில் முழு லாபமே.

காயவைக்காமல் அப்படியே அரைத்தால் எடை நிற்குமே என்று தோன்றும். நிற்கும்தான், சட்டம் இடம் கொடுக்காது. மிளகாய்த்தூளில் ஈரம் நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. அதைவிடப் பெரிய தண்டனை, கட்டி கட்டியாகத் திரும்பி வரும் பாக்கெட்டுகள்.

காயவைப்பதற்கு எங்கள் ஊரில் சித்திரை, வைகாசி விட்டால் வேறு காலம் இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடித் தரையே அடுப்பாக இருக்கும். ஆனாலும் மத்தியானத்துக்குமேல் கடல்காற்று திரும்பியதும் மிளகாய் ஈரத்தைத் திரும்பக் குடிக்க ஆரம்பிக்கும். காலை எட்டரைக்குமேல் கொட்டி, நாலு மணிக்குள் அள்ளிவிட வேண்டும். ராத்திரி மாடியிலேயே மூடி வைப்பது வேண்டாத வேலை. தார்ப்பாய்க்கு அடியில் வேர்க்கும். வெறும் சிமெண்டுத் தரையில் கொட்டுவதைவிடப் பழைய வேட்டியை விரித்துக் கொட்டினால் மண் ஏறாது. மண் ஏறினால் அரைத்தபின், தூளை எரித்து மிஞ்சுவதை அளக்கும் சாம்பல் சோதனையில் மாட்டும், பல்லிலும் நறநறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நான் பெரிய அளவில் அரைப்பதே கிடையாது. அந்த மாதங்களுக்கு வேண்டிய மிளகாயை முன்பே காயவைத்து, தடிமனான பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கிவிடுவேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தபோது, பலகைமேல் இருந்த மூட்டைகள் தப்பின. அந்தச் சமயத்தில் வெளியே திறந்து வைத்திருந்த ஒரு டப்பாத் தூள் இரண்டு நாளில் செங்கல்லாகிவிட்டது.

அப்புறம் மில். இதைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். எங்கள் மில்லுக்கார அண்ணனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. மிளகாய் நெடிக்கு அவர் தும்மி நான் பார்த்ததில்லை. மிளகாய்க்கு எதிரி சூடு என்பது அவர் கற்றுக்கொடுத்தது. "அவசரப்படுத்தாத தம்பி, சூடேறுனா செவப்பு செத்துரும், வாசனையும் பூடும்" என்பார். மிஷினில் வேகமாகத் தள்ளினால் வெளியே வரும் தூளில் கை வைக்க முடியாது. அதனால் முதல் ஓட்டத்தில் குருணையாக உடைத்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டாவது ஓட்டத்தில்தான் நைசாக அரைக்க வேண்டும். விடியற்காலை வேலை என்றால் இன்னும் நல்லது. மிஷினும் குளிர்ந்திருக்கும், முந்தின ஆள் அரைத்த மல்லி வாசமும் இருக்காது. முதலில் வரும் அரைக் கிலோவைத் தனியாக எடுத்து வீட்டுக்கு வைத்துக்கொள்வேன். அதில் எதன் வாசமாவது கலந்திருக்கும்.

ஆறாத தூளைக் கவரில் போட்டுச் சீல் வைப்பதுதான் இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்வது. உள்ளே ஆவி அடித்து, கவரின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கும். காயவைத்த உழைப்பெல்லாம் வீண். வெள்ளைத் துணியில் பரப்பி, ஃபேன் போடாமல், இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, சலித்து, கடைசியாக ஒரு காந்தத்தைத் தூளுக்குள் நாலு தடவை இழுத்துவிட்டு அடைப்பேன். மிஷின் சுத்தியல் தேயும்போது மெல்லிய இரும்புத் துகள் வரும். காந்தத்தின் நுனியில் மீசைபோல ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்கள் அதற்குப்பின் இதைத் தவறவிட மாட்டார்கள்.

வீட்டுக்கு அரைப்பவர்கள் மில்லில் ஒரு கைப்பிடி கல் உப்பு போடச் சொல்வார்கள். பழைய வழக்கம், பூச்சி அண்டாது, தவறில்லை. ஆனால் விற்கும் பாக்கெட்டில் மிளகாய்த்தூள் என்று எழுதிவிட்டு உப்புப் போட முடியாது. விதிப்படி மொத்தச் சாம்பல் நூற்றுக்கு எட்டுக்குள் இருக்க வேண்டும். மிளகாயின் சொந்தச் சாம்பலே ஐந்தாறு வரும். உப்பு சேர்ந்தால் எட்டு தாண்டிவிடும். எண்ணெய்க்கு மட்டும் இடம் உண்டு: நூற்றுக்கு இரண்டு வரை, எந்த எண்ணெய், எவ்வளவு என்று பாக்கெட்டில் எழுதிவிட்டால். எண்ணெய் விட்டால் தூள் பளிச்சென்று தெரியும், பறக்காது. நான் விடுவதில்லை, நாளானால் சிக்கு வாடை வருகிறது.

கலப்படம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் மேலாகத் தூவிப் பார்க்கும் சோதனை நல்லதுதான். தண்ணீரில் கரையும் சாயம் இருந்தால் சிவப்புக் கோடுகளாக இறங்கும், செங்கல் பொடி அடியில் போய்ப் படியும், மரத்தூள் மிதக்கும். ஆனால் அதில் தப்பித்தால் தூள் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. ‘சூடான்’ என்ற பெயருள்ள செயற்கைச் சிவப்புச் சாயம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். 2003இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் அது இருப்பது தெரிந்து ஐரோப்பிய ஒன்றியம் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2005இல் பிரிட்டனில் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸில் சேர்ந்து, அந்த சாஸ் போட்ட நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டி வந்தது. அந்தச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். பெரிய அளவில் வாங்குகிற ஓட்டல்காரர்களிடம் நான் சொல்வது: யாரிடம் வாங்கினாலும் ஆய்வுக்கூட அறிக்கை கேளுங்கள், அதில் சூடான் சாயத்துக்கும் அஃப்ளடாக்ஸினுக்கும் சோதித்திருக்கிறார்களா என்று பாருங்கள், வெறும் நிறமும் ஈரமும் மட்டும் போட்ட அறிக்கையை வாங்கி வைக்காதீர்கள்.

இன்னொன்று, கலப்படம் என்று சொல்ல முடியாத ஒரு தந்திரம். விதையைத் தனியாக மலிவாக வாங்கிச் சேர்த்து அரைப்பது. விதையும் மிளகாய்தானே என்பார்கள். தூள் மஞ்சள் கலந்த ஆரஞ்சாக இருக்கும், விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை இருக்கும், சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் தூளில் இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கடையில் தூளைத் தொங்கவிடும் இடமும் முக்கியம். கண்ணாடி மாதிரி தெரியும் கவர் பார்க்க அழகு, ஆனால் வெளிச்சம் படப்படச் சிவப்பு வெளுத்துவிடும். வாசல் பக்கம் தொங்கிய சரத்தில் வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளிறி நிற்பதைப் பார்த்தபின் வெள்ளித்தாள் கவருக்கு மாறினேன். கவருக்குச் செலவு கூடியது, திரும்பி வருவது நின்றது. வீட்டில் வைப்பவர்கள் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் போட்டுவிட்டு மீதியை இறுக்கிக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் வண்டு வராது, நிறமும் இருக்கும். கொதிக்கும் குழம்புக்குமேல் டப்பாவைச் சாய்த்துக் கொட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆவி முழுக்க டப்பாவுக்குள் போகிறது. ஈரக் கரண்டியும் அப்படித்தான்.

சமையலில் ஒன்றே ஒன்று. சிவப்பு எண்ணெயில்தான் கரையும். வெங்காயம், தக்காளி வதங்கி எண்ணெய் பிரிந்து நிற்கும்போது அடுப்பைக் குறைத்து, தூளைப் போட்டு, பத்து நொடி புரட்டி, உடனே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். அதற்குமேல் விட்டால் கருகிக் கசக்கும். தண்ணீர் ஊற்றியபின் தூளைப் போட்டால் எவ்வளவு போட்டாலும் நிறம் எழும்பாது. பிறகு தூள் சரியில்லை என்று என்னிடம் வருவார்கள். கை எரிந்தால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போட வேண்டும்.

விலை விஷயத்தில் யாருக்கும் என்னால் ஜோசியம் சொல்ல முடியாது. 2023 வாக்கில் குவிண்டால் 20,000 தாண்டிப் போன மிளகாய், 2025 பிப்ரவரியில் எவ்வளவு இறங்கியது என்றால், ஆந்திர விவசாயிகளுக்காக மத்திய அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று விலை குறித்தது. ஏறும் என்று நம்பி மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இப்போதும் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. பங்குனி, சித்திரையில் புதுக்காய் வரும்போது மழைக்காலம் தாண்டும் வரை வேண்டியதை முழு மிளகாயாக வாங்கிக் காயவைத்துக்கொள்வேன். தூளாக்குவது மாதத் தேவைக்கு மட்டும்.

ஓட்டல்காரர்கள் வருஷம் முழுக்க ஒரே விலை கேட்பார்கள். அதற்கு ஒத்துக்கொண்டால், விலை ஏறும் மாதங்களில் தேஜாவைக் குறைத்து விதையைக் கூட்டத்தான் கை போகும். அதனால் மாத ஆரம்பத்தில் விலை சொல்லிவிடுவேன், அந்த மாதம் அது மாறாது. மண்டிச் சீட்டைக் கேட்டால் காட்டுவேன். புதுச்சேரி நெல்லித்தோப்பில் மெஸ் நடத்தும் ஒருவர் மட்டும் இதற்கு ஒத்துவரவில்லை. அவர் இப்போது மிளகாயை என்னிடம் காயாக வாங்கிக்கொண்டு போய் அங்கேயே அரைத்துக்கொள்கிறார். காம்பு கிள்ளித் தரச் சொல்கிறார், அதற்குக் கூலி தனி.